பதினெட்டு வெள்ளைச் சதுரங்கள்

அந்த அறைக் கதவில் ஒரு முகம் தெரியும் அளவுக்குக் கண்ணாடி பதித்திருந்தார்கள். உள்ளே நான் நிற்பேன். வெளியே அவள். ஏறக்குறைய இரண்டு மாதம் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான். அவள் சத்தமாகச் சொல்லுவாள். எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சலில் எனக்குப் பாதிதான் கேட்கும். மீதியை விரலால் காட்டுவாள். விரலை மேலே தூக்கினால் வோல்டேஜைக் கூட்டு. உள்ளங்கையைத் தாழ்த்தினால் ஊசியில் வருகிற திரவத்தின் வேகத்தைக் குறை. இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் எல்லாவற்றையும் நிறுத்து, எர்த் கம்பியைத் தொட்டுவிட்டு அப்புறம் கதவைத் திற.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவனந்தபுரத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் தினக்கூலியாக இருந்தேன். காண்டிராக்டர் ஒருவர் மூலம் கேஸ் சிலிண்டர் தூக்கப் போனவனை, கண்ணாடிக் குடுவை கழுவ ஆள் இல்லை என்று அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு முன்னால் விழிஞ்ஞத்தில் மீன் கூடை சுமந்தேன். பொன்முடியில் தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் எட்டு மாதம் இருந்தேன். காய்ச்சல் வந்து, ஓடுகிற ஒரு பஸ்ஸும் மண் சரிந்து நின்றுபோனதால் மூன்று நாள் கம்பளிக்குள் கிடந்து, நாலாம் நாள் நடந்தே பாதி மலை இறங்கினேன். ஆரியசாலையில் மிளகும் பெருங்காயமும் விற்கிற மொத்தக் கடையில் பொட்டலம் மடித்தேன். படிப்பு ஏழாம் வகுப்பு. தமிழ் நன்றாக வாசிப்பேன், மலையாளம் பஸ் போர்டு அளவுக்கு, இங்கிலீஷில் எண்கள் மட்டும்.

ஒரு இடத்தை விட்டு இன்னொரு இடத்துக்கு நான் போனதற்கெல்லாம் பெரிய காரணம் கிடையாது. விழிஞ்ஞத்தில் ஒரு நாள் ஐஸ் பெட்டி மூடியைச் சரியாகப் போடாமல் விட்டேன், ஒருவருடைய மீன் கெட்டுப்போனது. ஆரியசாலையில் இரண்டு மூட்டையை மாற்றிக் கொட்டிவிட்டேன். என் கையால் ஒரு தப்பு நடந்தால் மறுநாள் காலையில் நான் அங்கே இருக்க மாட்டேன். யாரும் துரத்தினதில்லை. துரத்துவதற்குள் போய்விடுவேன்.

அவள் ஆராய்ச்சி மாணவி. மார்த்தாண்டம் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கரமனையில் குடியிருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயசு இளையவள். நான் மேடம் என்பேன், அவள் அண்ணே என்பாள். "மேடம் கீடம் எல்லாம் வேண்டாம் அண்ணே, எனக்கே சிரிப்பு வருது" என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

அவள் செய்துகொண்டிருந்தது நூல் இழுக்கிற வேலை. நூல் என்றால் கண்ணுக்குத் தெரிகிற நூல் இல்லை. ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகளாக ஒரு பிளாஸ்டிக் வரும். அதை மூக்கில் ஏறுகிற ஒரு திரவத்தில் போட்டு ஒரு நாள் முழுக்கக் கலக்கவிட்டால் தேன் பதத்துக்கு வரும். அதை ஊசி போடும் சிரிஞ்சில் ஏற்றி, ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்தால், அது எறும்பு நகர்கிற வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். ஊசி முனையில் உயர் அழுத்த மின்சாரம். எதிரே ஒரு சாண் தள்ளி எர்த் கொடுத்த உலோக உருளை. ஊசி முனையில் துளி திரளும். மின்சாரத்தை ஏற்றியதும் துளியின் நுனி கூம்பாக நீண்டு, அதிலிருந்து ஏதோ ஒன்று பறக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் புகை மாதிரி தெரியும், அவ்வளவுதான். காற்றில் போகும்போதே திரவம் ஆவியாகி, மிச்சம் நூலாக உருளையில் விழுந்து ஒரு வெள்ளை ஷீட்டாகப் படியும். தலைமுடியை நூறாகப் பிளந்தால்கூட அத்தனை மெல்லிசு வராது என்பாள்.

உருளை நின்றபடி இருந்தால் நூல் கன்னாபின்னாவென்று குவியும். உருளை வேகமாகச் சுற்றினால் நூல் இழுபட்டு, தலை வாரியது மாதிரி ஒரே திசையில் படியும். அவளுக்கு வேண்டியது இந்த வாரிய நூல்தான். உருளையைச் சுற்றுவதற்குத் தையல் மெஷின் மோட்டார் ஒன்றை வைத்து ரப்பர் பெல்ட் போட்டிருந்தார்கள். வெளிநாட்டு இயந்திரம் வாங்க வழியில்லாமல் அங்கேயே பொருத்திச் செய்த சாமான்.

"இது எதுக்கு மேடம்?" என்று ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டேன்.

"கையில வெட்டுப்பட்டு நரம்பு அறுந்து போச்சுன்னு வைங்க. அறுந்த நுனி மறுநுனியைத் தேடி வளரும். ஆனா வழி தெரியாது, அங்கேயும் இங்கேயும் போயி முடிச்சு விழுந்துரும். கோயில்ல கயிறு கட்டினா கூட்டம் வரிசையா போகும்லா? அதுமாதிரி இந்த நூலு. இதை ஒரு குழாய் மாதிரி சுருட்டி நடுவில வச்சா, நரம்பு அதைப் புடிச்சுக்கிட்டே போகும்."

"போயிருச்சா?"

"இப்பதான் நூலே வருது. அதுக்குள்ள நரம்புக்குப் போயிட்டியளே!" என்று சிரித்தாள்.

அவள் கர்ப்பமானது அந்த ஆகஸ்டில், நாலாம் மாதத்தில்தான் தெரிந்தது. அந்தத் திரவத்தின் ஆவி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அவளுடைய கைடு, எல்லோரும் சார் என்று சொல்கிற பேராசிரியர், அந்த அறைக்குள் அவள் கால் வைக்கக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டார். அது நியாயம்தான். அடுத்ததாக அவர் மலையாளம் கலந்து சொன்னதுதான் அவளை உலுக்கியது. நான் சிங்க்கில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன்.

"லீவு எடுத்துப் போயிட்டு வா. பிரசவம் கழிஞ்சு நோக்காம், பார்க்கலாம்."

"கழிஞ்சு வந்தா மெஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்திருப்பீங்க சார். எனக்கு ஃபெலோஷிப்பும் முடிஞ்சிருக்கும். வீட்டில இப்பவே பிள்ளை பிறந்தா படிப்பு போதும்ங்கிறாங்க. பதினெட்டு ஷீட்டு. அதை இழுத்துப் பார்த்து, எவ்வளவு தாங்குதுங்கிற அளவு கையில இருந்தா நான் அம்மா வீட்டில இருந்தே தீசிஸ் எழுதிருவேன். அது இல்லேன்னா நாலு வருஷம் சும்மா."

"ஷீட்டு யார் செய்யும்?"

"அண்ணன் செய்வாங்க."

அண்ணன் யார் என்று சார் திரும்பிப் பார்த்தார். கையில் பிரஷ்ஷோடு நான்தான் நின்றேன். அறையில் வேறு யாரும் இல்லை.

"நினக்கு ஆகுமோ?"

"ஆகும் சார்" என்றேன். எந்த வேலையைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன். சொல்லாதவனுக்கு வேலை கிடையாது. அந்தப் பதிலின் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் மாதத்தில் அவளை மார்த்தாண்டத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. அதற்குள் பதினெட்டு ஷீட். ஒரு நாளைக்கு ஒன்று செய்யலாம், எல்லாம் ஒழுங்காக நடந்தால். நடக்கவில்லை. ஈரக் காற்றில் நூல் வராமல் துளி துளியாகத் தெறிக்கும். ஊசி அடைக்கும். கரண்ட் போகும். பாழாய்ப்போன ஷீட்டுகளையெல்லாம் எண்ணினால் முப்பதுக்கு மேல் செய்திருப்பேன். ஒரு தடவை எர்த் கம்பியைத் தொட மறந்து கையை நீட்டி, முழங்கைவரை உதறிப் போட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் கதவில் சிவப்பு மையால் தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள்: முதலில் எர்த், அப்புறம் அண்ணன்.

எதிர் அறை ஸ்டோர். அதன் பொறுப்பாளர் நெடுமங்காட்டுக்காரர், மலையாளி, ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. எந்நேரமும் மூக்குப்பொடி. போகும்போதும் வரும்போதும் கண்ணாடியில் எட்டிப் பார்ப்பார்.

"எந்தா அண்ணாச்சீ, பஞ்சு முட்டாயி ஆயோ? எனக்கு ஒண்ணு தா."

"ரோஸ் கலர் வரல்லை சார், வந்தா தரேன்."

"இந்த ஜென்மத்தில வருமா?"

"உங்க ரிட்டயர்மெண்டுக்குள்ள வரும்."

உருளையில் அலுமினியத் தாளைச் சுற்றி, அதன் மேல்தான் நூல் படியும். சுற்றுவதற்கு முன்னால் தாளின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு அம்புக்குறி போடுவது அவள் வழக்கம். அவள் செய்வதைப் பார்த்திருந்ததால் நானும் போட்டேன். ஒரு ஷீட் தவறாமல் போட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. வேலை சொல்கிறவர்களிடம் எதற்கு என்று கேட்டால் பிடிக்காது என்பது பல ஊர்களில் எனக்குப் படிந்துபோன பழக்கம். அவளிடம் கேட்டிருக்கலாம். அவளுக்குப் பிடித்திருக்கும்.

ஆறாம் மாதம் முடிகிறபோது அவளுக்குக் கால், கை எல்லாம் நீர் கோத்தது. மோதிரத்தைக் கழற்றித் தாலிச் செயினில் கோத்துக்கொண்டாள். ஒரு நாள் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டி, "பாருங்க, பன்னு மாதிரி ஆயிட்டு. ஷீட்டைத் தாளிலேருந்து உரிக்கணும்லா, அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு. ஒரு நகம் பட்டா போச்சு" என்றாள்.

அது என் மனசில் தங்கிவிட்டது. உரிப்பது கஷ்டமான வேலைதான். காய்ச்சின பாலிலிருந்து ஆடையைக் கிழியாமல் எடுக்கிற மாதிரி. ஆனால் எனக்கு அது வந்தது. பதினெட்டாவது ஷீட் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, அவள் டாக்டரிடம் போயிருந்தாள். நான் பதினெட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, காலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்தேன். ஓரங்கள் மெலிந்து நைந்திருந்தன. ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும் வைத்து ஓரத்தை நறுக்கி, எல்லாவற்றையும் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக்கினேன். ஆரியசாலையில் பொட்டலத் தாளை அப்படி அடுக்கித்தான் பழக்கம். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒரு நூல் பிசகக் கூடாது. இடையில் பட்டர் பேப்பர். ஒவ்வொரு பட்டர் பேப்பரிலும் எண்ணும், என்றைக்குச் செய்தது, அன்றைக்கு மழையா வெயிலா என்பதும் தமிழில் எழுதினேன். உரித்த அலுமினியத் தாள்களைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். துப்புரவுக்கு வந்த பெண்கள் பகலிலேயே எடுத்துப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை அவள் வந்து பார்க்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே சாயங்காலம் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போனேன். பழம்பொரி ஒன்றை மலையாளப் பேப்பர் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். எண்ணெய்க் கையைத் துடைக்க அந்தப் பேப்பரைக் கிழித்தேன். கோணலாகக் கிழிந்தது. திருப்பிப் பிடித்துக் கிழித்தேன். ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வந்தது.

பேப்பருக்கு ஒரு பக்கம் உண்டு. நெடுக்காகக் கிழித்தால் நேரே போகும், குறுக்காகக் கிழித்தால் அலையும். பொட்டலக்காரனுக்கு முதல் வாரத்திலேயே தெரிகிற விஷயம். இரண்டு வருஷம் அதைச் செய்தவன் நான்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அந்த அம்புக்குறி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. உருளை எந்தப் பக்கம் சுற்றியதோ அந்தப் பக்கம்தான் நூல் ஓடும். அம்புக்குறி அதைச் சொன்னது. அது இருந்தது தாளில். தாள் குப்பையில். ஷீட் செவ்வகமாக இருந்தவரைக்காவது எது நீளம் எது அகலம் என்று சொல்லியிருக்கலாம். சதுரத்துக்கு நாலு பக்கமும் ஒன்றுதான். என் கண்ணுக்குப் பதினெட்டும் வெறும் வெள்ளை.

திரும்ப ஓடிப்போய்க் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். காலி.

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு வந்துவிட்டேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, விழிஞ்ஞத்துக்குப் போக வந்தேன். துறைமுகத்தில் பாறை கொட்டுகிற வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஸ்டாப் ஓரத்தில் ஒருவன் சாவிக்கொத்து மாதிரி சின்ன லேசர் லைட் விற்றுக்கொண்டிருந்தான். எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளியை ஓடவிட்டு ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தான். நானும் வேறு வேலையில்லாமல் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விழிஞ்ஞம் பஸ் வந்தது. கிளி என்று அங்கே சொல்கிற கிளீனர் பையன் படியில் தொங்கிக்கொண்டு கத்தினான். நான் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது.

திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஷீட்டுகளைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். அண்ணன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பாள். நெடுக்கு எது, குறுக்கு எது என்று தெரியாமல் ஏதோ ஒரு பக்கத்தை வைத்து அளப்பார்கள். எண்கள் குழம்பி வரும். நாலு வருஷம் தான் செய்த வேலையில்தான் பிழை என்று அவள் நினைத்துக்கொள்வாள். என் பெயர் அதில் எங்கேயும் வராது. மீன்காரருக்கும் கடைக்காரருக்கும் தப்பு செய்தவன் யார் என்றாவது தெரியும். இவளுக்கு அதுகூடத் தெரியாது.

மூன்றாவது பஸ்ஸும் போனபிறகு பையைத் தூக்கிக்கொண்டு நான் தங்கியிருந்த வாடகை அறைக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை அவள் படியேறி வருவதற்குள் நான் கீழே இறங்கிவிட்டேன். படியின் நடுவில் வைத்தே சொன்னேன். உரித்தது, நறுக்கியது, தாளைப் போட்டது, எல்லாம்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"பதினெட்டுமா?"

"பதினெட்டும்."

"ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையா அண்ணே?"

"நீங்க விரல் காட்டினீங்களே மேடம். கஷ்டப்பட வேண்டாம்னு..."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஆரம்பித்தது, கண் நிறைந்துவிட்டது. நான் படியில் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரவும் தோன்றவில்லை, போகவும் தோன்றவில்லை.

"இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பதினெட்டைத் திரும்பச் செய்ய முடியாது. நூல் எந்தப் பக்கம்னு மைக்ராஸ்கோப்பில பார்க்கலாம்னா, நம்ம முறை வர ஒரு மாசம் ஆகும்."

"ஒவ்வொண்ணிலேயும் ஒரு மூலையைக் கிழிச்சுப் பார்க்கட்டா? பேப்பர் மாதிரி, நூல் ஓடுற பக்கம் நேரா கிழியும்."

"ஐயையோ, கிழிக்கப்படாது! ஓரம் நைஞ்சா இழுக்கும்போது அங்கேருந்தே போயிரும்." அவசரமாகச் சொன்னவள், நிறுத்திக்கொண்டாள். "ஆனா கிழிக்காமலேயே பார்க்கலாம். லேசர் விட்டா தெரியும். ஒரே திசையில நூல் இருந்தா வெளிச்சம் ஒரு பக்கமா நீண்டு விழும். சாரோட லேசர் பாயிண்டர் எங்க?"

சார் அதை எடுத்துக்கொண்டு டெல்லிக்கு ஏதோ கருத்தரங்குக்குப் போயிருந்தார்.

"கிழக்கேகோட்டையில விக்கிறான் மேடம்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கட்டடத்தில் பகலில் இருட்டான இடம் ஸ்டோர் ஒன்றுதான். ஸ்டோர்காரர் முதலில் சம்மதிக்கவில்லை. "இது கவர்மெண்டு ஸ்டோர் ஆணு, சினிமாக் கொட்டகை அல்ல" என்றார். அவள் வாசலில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், "எடோ, ஒரு ஸ்டூலை எடுத்துப் போடு, அந்தக் கொச்சுப் பொண்ணு நிக்குது" என்று என்னைத் திட்டிக்கொண்டே ஜன்னலை அட்டையால் அடைத்தார்.

நான் ஷீட்டை இடுக்கியால் தூக்கிப் பிடித்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து லேசரைக் காட்டினாள். "கண்ணுல பட்டுராம பாத்துக்கிடுங்க." வெள்ளையடித்த சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது. ஆனால் புள்ளியாக நிற்கவில்லை. இரண்டு பக்கமும் நீண்டு, மங்கலான ஒரு கோடாக ஆயிற்று.

"திருப்புங்க அண்ணே."

நான் ஷீட்டை மெல்லச் சுழற்றினேன். சுவரில் கோடும் கூடவே சுழன்றது.

"அம்மே!" என்றார் ஸ்டோர்காரர்.

"நூல் இந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஓடுது" என்று அவள் சொன்னாள். குரல் மாறியிருந்தது. "கோடு நேரா நிக்கிற மாதிரி பிடிங்க. அப்ப நூல் படுக்கையா இருக்கு. மேல் வலது மூலையைச் சின்னதா கத்திரிங்க. அதுதான் இனிமே அம்புக்குறி."

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூலை கத்திரித்தோம். பதினோராவதைத் தூக்கிப் பிடித்து, கோட்டை நேராக்கி, கத்தரியை எடுக்கும்போது ஸ்டோர்காரர் மூக்குப்பொடித் தும்மல் ஒன்று போட்டார். ஷீட் இடுக்கியை விட்டுப் பறந்து அலமாரிக்கு அடியில் போனது. குனிந்து எடுத்து, திரும்பவும் பிடித்தோம். லேசரில் பேட்டரி மங்கிக்கொண்டிருந்தது. அவசரமாகக் கத்திரித்தேன். புது பேட்டரி போட்டு மீதியைப் பார்த்தோம்.

ஐந்து ஷீட்டுகளில் கோடு வரவில்லை. எப்படித் திருப்பினாலும் வட்டமான சிவப்பு மூட்டம்தான். அந்த ஐந்தின் பட்டர் பேப்பரையும் அவள் வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் வாசித்தாள். ஐந்திலும் நான் எழுதியிருந்தது ஒன்றுதான்: மழை.

"அன்னைக்கு மோட்டார் சத்தம் எப்படி இருந்தது?"

யோசித்துப் பார்த்தேன். சத்தம் குறைவாகத்தான் இருந்தது. மழை இரைச்சலில் கேட்கவில்லை என்று நினைத்தேன். உண்மையில் ஈரத்தில் பெல்ட் வழுக்கியிருக்கிறது. மோட்டார் ஓட, உருளை மெதுவாகச் சுற்றியிருக்கிறது. நூல் வாரப்படாமல் விழுந்திருக்கிறது.

"இதை அப்படியே அளக்க அனுப்பியிருந்தா?" என்றேன்.

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கும்தான்." பட்டர் பேப்பர்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "செரி, அஞ்சுதானே. பெல்ட்டை மாத்துங்க. காலையிலேயே வந்துருங்க. மழை மதியத்துக்கு மேலதான் வரும்."

துலாவர்ஷம், அங்கத்து ஐப்பசி மழை, தொடங்கியிருந்தது. தினமும் இரண்டு மணி வாக்கில் மலைப்பக்கம் இருட்டி, மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். நான் வெளிச்சம் வந்ததும் போய்விடுவேன். சாலை பஜாரில் வாங்கிய புது பெல்ட். ஏ.சி.யைப் போட்டு, அறை காய்ந்தபிறகு மின்சாரத்தை ஏற்றுவேன். அவள் ஒன்பதரைக்கு வந்து கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். இந்தத் தடவை உரிப்பதற்கு முன்னால் கண்ணாடிக்கு வந்து தாளைக் காட்டுவேன். அம்புக்குறி எங்கே, நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நான் விரலால் காட்ட வேண்டும். அவள் தலையாட்டினால்தான் பிளேடைத் தொடலாம். ஒரு தடவை வேண்டுமென்றே தப்பாகக் காட்டினேன். கண்ணாடியை உடைத்துவிடுகிற மாதிரி தட்டினாள்.

ஒன்பது நாளில் ஐந்து ஷீட் தேறியது. பன்னிரண்டாம் நாள் அவளுடைய அப்பாவும் அம்மாவும் கார் பிடித்து வந்து கூட்டிப்போனார்கள். போகும்போது ஒரு துண்டுத் தாளில் மார்த்தாண்டத்து போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

இழுத்து அளக்கிற இயந்திரம் எங்களிடம் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்தது. சார் கடிதம் கொடுத்து என்னையே அனுப்பினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நின்றுகொண்டு வந்த ஒருவர் மேலே விழாமல் இருக்க முழங்கையை நீட்டிக்கொண்டே போனேன். அங்கே இருந்த டெக்னீஷியன் ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் நெடுக்கே ஒரு கீற்று, குறுக்கே ஒரு கீற்று வெட்டினார். மூலை கத்திரித்ததை நான் காட்டிக் காட்டிக் கொடுத்தேன். இரண்டு தாடைகளுக்கு இடையில் கீற்றை மாட்டினால் இயந்திரம் மெதுவாக இழுக்கும். நெடுக்கே வெட்டியது தாங்கி நின்று, நீண்டு, அப்புறம்தான் அறுந்தது. குறுக்கே வெட்டியது பஞ்சு பிரிகிற மாதிரி உடனே விலகிப்போனது. முதல் ஜோடியைப் பார்த்ததும் எனக்கு வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்க வேண்டும் போலிருந்தது. போகவில்லை. மீதி இருந்தது.

இரண்டு நாள் ஆயிற்று. அளவுகளை அடித்துக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு, தம்பானூர் வந்து இறங்கியதும் எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அவள் அம்மாதான் எடுத்தாள். "யாரு?" என்றாள். லேபிலிருந்து என்று சொன்னேன். "பிள்ளே, ஒனக்குத்தான். நின்னுக்கிட்டுப் பேசாத, அந்த நாற்காலியில இரி" என்று சத்தம் போனது.

"அண்ணே, சொல்லுங்க."

"நெடுக்கே நின்னுது மேடம். குறுக்கே பட்டுனு போச்சு."

இழுப்பறை ஒன்று திறக்கிற சத்தம் கேட்டது. "இருக்கீங்களா மேடம்?" என்றேன்.

"இருக்கேன் அண்ணே" என்றாள். "பேனா எடுத்துட்டேன். ஒண்ணுலேருந்து வாசிங்க. நெடுக்கு முதல்ல, குறுக்கு அப்புறம்."

வாசித்தேன். எண், புள்ளி, எண். எனக்கு அது வேகமாக வராது. ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொன்னாள். சரி என்று நான் சொன்னபிறகுதான் அடுத்தது. வெளியே காத்திருந்த ஒருத்தர் கண்ணாடியைத் தட்டினார். நான் முதுகைக் காட்டிக்கொண்டேன்.

பதினொன்றில் நின்றேன். "மேடம், இதில குறுக்குத்தான் பெரிசா இருக்கு. நெடுக்கு சின்னது."

"மாத்தி வாசிக்கறியளா?"

"இல்லை. அப்படித்தான் அடிச்சிருக்கு."

அந்த வரியை விரலால் தடவி மறுபடி பார்த்தேன். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"தும்மல்!" என்றாள். சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். பின்னால் அம்மா அதட்டுவது கேட்டது. "ஸ்டோர் சார் தும்மினாங்களே அண்ணே, அது! விழுந்து எடுத்ததுல நாம மாத்திப் புடிச்சிருக்கோம்."

"அப்ப எண்ணை மாத்திப் போட்டுக்கலாமா? நெடுக்கைக் குறுக்காக்கி?"

"வேண்டாம். கண்ணால பார்க்காததை மாத்தக் கூடாது. இந்த ஷீட்டு கீழே விழுந்தது, திசை நிச்சயமில்லைன்னு அடியில எழுதிருதேன். பதினேழு போதும்." பேனா ஓடுகிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது. "செரி, பன்னிரண்டு சொல்லுங்க."

வெளியே இருந்தவர் மறுபடியும் தட்டினார். நான் தாளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, பன்னிரண்டிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.